பிழை சொல்லும் மொழி

பிள்ளைக்கு முதலில் எதைப் படிப்பிப்பது, பைதனா ஜாவாவா என்ற கேள்வி ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்துத் தமிழ் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. ரியூசன் வகுப்பு விளம்பரங்களும் அதற்கான பதில்போலவே எழுதப்படுகின்றன: எந்த மொழிக்கு எத்தனை கிழமை, அது முடிந்தால் அடுத்தது என்ன, கடைசியில் என்ன வேலை. இந்தக் கேள்வியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவு வேலையும் இரண்டாவது வேலையுமாக ரொறன்ரோவில் காலூன்றிய சமூகம், தன் பிள்ளைகளின் நேரம் எங்கே போய்ச் சேரும் என்று கேட்பது நியாயம்தான். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடாமல் உறுத்துகிறது. வேலைக்குப் போகப்போகும் இருபத்திரண்டு வயது அதில் இருக்கிறது. திரைக்கு முன்னால் முதன்முறை உட்காரும் பன்னிரண்டு வயதைக் காணவில்லை. அந்தப் பன்னிரண்டு வயதுக்கு முதல் சில மாதங்களில் நேர்வது பெரும்பாலும் ஒன்றுதான்: எழுதிய நிரல் ஓடாது, ஓடினாலும் தவறான விடை தரும். திருத்தினால் வேறோரிடத்தில் உடையும். நிரலெழுதப் பழகுவதில் பெரும்பகுதி, தோற்ற இடத்தில் நின்று காரணம் தேடுவதுதான். அப்படியானால் ஒரு மொழியைக் குழந்தையிடம் கொடுக்கும் முன் கேட்கவேண்டியது, குழந்தை தவறும்போது அந்த மொழி என்ன சொல்கிறது என்பதல்லவா? எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது, உடனே சொல்கிறதா, சொல்லவே சொல்கிறதா? முதல் மொழி பற்றிய வாதங்கள் எத்தனையோ காலமாக நடக்கின்றன. அவற்றில் இந்த ஒன்று எப்போதும் ஓரத்திலேயே நிற்பதுதான் எனக்குப் புரியாமலிருக்கிறது.

பத்து மாணவரின் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி காண்பது எல்லா நாட்டுப் பாடநூலிலும் வரும் பயிற்சி. அதைச் சி மொழியில் எழுதும் மாணவி கூட்டுத்தொகைக்கான மாறியில் முதலில் பூச்சியத்தை வைக்க மறந்தால், நினைவகத்தில் அந்த இடத்தில் முன்பு கிடந்த ஏதோவோர் எண்ணோடு புள்ளிகள் போய்ச் சேர்ந்துகொள்ளும். லூப் பத்தோடு நிற்காமல் பதினோராவது இடத்துக்குப் போனால் அங்கே கிடப்பதையும் எடுத்துக் கூட்டும். ஒரு முறைப்பாடும் வராது. இன்று சரியான விடையே வரலாம். நாளைக்கு அதே நிரல் தலைகால் புரியாத எண்ணைத் துப்பலாம். எச்சரிக்கை வேண்டும் என்று கேட்டால் இன்றைய தொகுப்பான்கள் இவற்றில் சிலவற்றை முன்கூட்டியே சொல்லும், ஆனால் அப்படிக் கேட்கத் தெரிந்தவர் தொடக்கநிலையைத் தாண்டிவிட்டவர். ஜாவாஸ்கிரிப்டில் இணையப் பக்கத்துப் பெட்டியில் தட்டிய 70ஐயும் 80ஐயும் அப்படியே கூட்டினால் 7080 என்று வரும். பெட்டியிலிருந்து வருவது எழுத்துச்சரம், கூட்டல் குறியோ சரங்களை ஒட்டிவிடும். அதே இரண்டையும் கழித்தால் ஒழுங்காக -10 கிடைக்கும். கூட்டல் பொய்க்கிறது, கழித்தல் பொய்க்கவில்லை; ஏன் என்று அந்த மாணவி யாரிடம் கேட்பாள்? பைதன் இவற்றைவிட எவ்வளவோ நேர்மையானது. இல்லாத இடத்தைத் தொட்டால் நின்று சொல்லும். சரத்தோடு எண்ணைக் கூட்ட மறுக்கும். ஆனால் ‘மொத்தம்’ என்று தொடங்கிய மாறியின் பெயரை லூப்புக்குள்ளே ஓர் எழுத்து விட்டு எழுதி மதிப்புக் கொடுத்தால், அந்தப் பெயரில் புதிதாக ஒரு மாறியை உண்டாக்கிக்கொண்டு பேசாமல் ஓடும். கடைசியில் சராசரி பூச்சியம். புள்ளிகளை அடுக்கிவைத்த அணியின் முதல் இடத்துக்கு ஒன்று முந்திப் போனாலும் குற்றம் சொல்லாது, பின்னாலிருந்து எண்ணி கடைசி மாணவரின் புள்ளியை எடுத்துத் தரும். அனுபவமுள்ளவருக்கு இவையெல்லாம் வசதிகள். புதியவருக்கு இவை மௌனங்கள். அவள் தன் அறிவைச் சந்தேகிக்கத் தொடங்குவது இந்த மௌனங்களின் முன்னால்தான்.

தவறுக்கு ஒரு குரல் வேண்டும் என்ற எண்ணம் இந்த நகரத்துக்குப் புதிதன்று. ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு 1952இல் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய ஃபெராண்டி மார்க் 1 கணினிக்கு ஃபெரட் என்று பெயரிட்டவர் அங்கே பணிபுரிந்த பியட்ரிஸ் வொர்ஸ்லி. அந்த இயந்திரக் குடும்பத்துக்கான நிரலாளர் கையேட்டை எழுதியவர் சாட்சாத் ஆலன் டியூரிங். எண்களை முப்பத்திரண்டின் அடியில், தந்தி அச்சுப்பொறியின் முப்பத்திரண்டு குறிகளால், சிறிய இலக்கத்தை முதலில் வைத்துத் தலைகீழாக எழுதவேண்டும். பூச்சியத்துக்கு ஒரு சாய்கோடு. எனவே நிரல் தாள் முழுக்கச் சாய்கோடுகள் பொழிந்திருக்கும். டியூரிங்குக்கு அது சிரமமாக இருந்திராது. மற்றவர்கள் அப்படி ஒரு தாளில் தவறைத் தேடுவது எப்படி? 1954இல் வொர்ஸ்லியும் பட்டர்சன் ஹியூமும் டிரான்ஸ்கோட் என்ற எளிய குறிமுறையை உருவாக்கினார்கள். அதில் வழக்கமான தசம எண்களையே எழுதலாம்; இயந்திரத்தின் இருவகை நினைவகத்தைப் பற்றிக் கவலைப்படவும் தேவையில்லை. பத்தாண்டு கழித்து, ரொறன்ரோவிலிருந்து நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரத் தூரத்திலுள்ள வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில், 1965 கோடையில், இளநிலை மாணவர் நால்வர் வாட்ஃபோர் என்ற ஃபோர்ட்ரான் தொகுப்பானை எழுதினார்கள். கற்பவரின் பிழையை விரைவாகவும் விளக்கமாகவும் சொல்லவேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. துளையட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, அகன்ற மடிப்புத்தாளில் அச்சாகி வரும் விடைக்காகக் காத்திருந்த காலம் அது. ஒரு கமா விடுபட்டதை அறியப் பல மணி நேரம் போய்விடும் என்றால், வரும் தாளில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பெறுமதி உண்டு. அந்தச் சிக்கனம் நம்மிடம் இப்போது இல்லை. ஒரு விசையைத் தட்டினால் மறுபடி ஓடும். அதனால்தானோ என்னவோ, பிழைச்செய்தியை வாசிக்காமல் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கும் பழக்கமும் வந்துவிட்டது.

இந்த மரபின் முழுப் பயனாக வந்தது டியூரிங் மொழி. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ரிக் ஹோல்ட்டும் ஜேம்ஸ் கோர்டியும் 1982இல் அதை வடிவமைத்தார்கள். பாஸ்கல், யூக்ளிட், அதே பல்கலைக்கழகத்தில் முன்பு கற்பித்தலுக்காகச் செய்யப்பட்ட எஸ்பி/கே ஆகியவற்றின் வழியில் வந்த மொழி. எண்பதுகளிலிருந்து இரண்டாயிரங்கள்வரை ஒன்ராறியோவின் உயர்நிலைப் பள்ளிகளில் கணினியறிவியல் படித்த பலருக்கு அதுதான் முதல் மொழி. இலங்கையில் போர் முடியாத காலத்தில் இங்கே வந்து சேர்ந்த நம் பிள்ளைகளில் ஒரு தலைமுறையும் அதில் அடங்கும். அந்தச் சராசரி நிரலை டியூரிங்கில் எழுதினால் என்ன நடக்கும் என்று பார்க்கலாம். மாறியின் பெயரைப் பிழையாக எழுதினால், அப்படி ஒன்று அறிவிக்கப்படவே இல்லை என்று நிரல் ஓடும் முன்னரே சொல்லிவிடும். பூச்சியம் வைக்க மறந்தால், இந்த மாறிக்கு மதிப்பு இல்லை என்று ஓட்டத்தை நிறுத்தி அந்த வரியைக் காட்டும். அணியின் இடங்களை 1 முதல் 10 வரை என்று மனிதர் எண்ணுகிறபடியே அறிவிக்கலாம். பதினொன்றைத் தொட்டாலும் பூச்சியத்தைத் தொட்டாலும் எல்லை மீறல் என்று நின்றுவிடும். மதிப்புக் கொடுக்க ‘:=’, ஒப்பிட ‘=’ என்று இரண்டும் வேறு வேறு குறிகள். சி மொழியில் இந்த இரண்டும் குழம்பி, ஒப்பிடப் போன இடத்தில் மதிப்பு மாறிப்போய், அதுவும் சத்தமில்லாமல் நடந்து, எத்தனை பேரின் மாலைகளைத் தின்றிருக்கிறது! டியூரிங்கை வடிவமைத்தவர்கள் எழுதக்கூடிய ஒவ்வொன்றுக்கும் பொருள் இன்னதென்று வரையறுத்து, 1988இல் அதன் முறைசார்ந்த வரையறையையும் நூலாக வெளியிட்டார்கள். பொருளற்றதை எழுதினால் நிற்கவேண்டும், நின்று சொல்லவேண்டும் என்பது அந்த மொழியின் அறம் என்றே நான் நினைக்கிறேன். வட்டம் வரைய ஒரே ஒரு வரி போதும் என்பதும் அதே அக்கறையிலிருந்து வந்ததுதான். படத்தில் வரும் பிழை கண்ணுக்குத் தெரியும். வட்டம் தவறான மூலையில் நின்றால் எண் தவறென்று குழந்தைக்கே தெரிந்துவிடும்.

அந்த மொழியை இன்று ஒன்ராறியோவின் வகுப்பறைகளில் தேடவேண்டியிருக்கிறது. அதை விற்றுவந்த ஹோல்ட் சாஃப்ட்வேர் நிறுவனம் 2007இல் அதை இலவசமாக்கிவிட்டு ஓய்ந்தது. விண்டோஸ் மாறிக்கொண்டே போனது, மொழி அங்கேயே நின்றுவிட்டது. அதைப் பெற்ற பல்கலைக்கழகமே முதற்பாடத்தை ஜாவாவுக்கும் பிறகு பைதனுக்கும் மாற்றிக்கொண்டது. 2009இல் அதன் ஆசிரியர்கள் பைதன் வழியாகக் கணினியறிவியலை அறிமுகப்படுத்தும் பாடநூலையும் வெளியிட்டார்கள். பள்ளிகளில் டியூரிங்குக்கு எதிராகச் சொல்லப்பட்டது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: வெளியுலகில் யாரும் இதைப் பயன்படுத்துவதில்லை. வாக்கியம் உண்மை. ஆனால் அதிலிருந்து எடுக்கப்பட்ட முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஏடு தொடக்கும் நாளில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ஆனா எழுத வைக்கிறோம். பிற்காலத்தில் அரிசியில் எழுதி யார் சம்பாதிக்கப்போகிறார்கள் என்று எவரும் கேட்டதில்லை. முதல் மொழி விட்டுப்போவதற்காகவே இருப்பது. மாறி, நிபந்தனை, லூப், செயற்கூறு ஆகியவற்றை ஓரிடத்தில் விளங்கிக்கொண்டவர் அடுத்த மொழிக்கு அவற்றைச் சுமந்துகொண்டு போவார். டியூரிங்கோடு தொடங்கியவர்கள் ஜாவாவுக்கும் சி மொழிக்கும் போய்ச் சேரத்தான் செய்தார்கள். அதன் உண்மையான பலவீனம் வேறு. ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்த நிறுவனம் ஓய்ந்தபோது அதை எடுத்து நடத்த ஒரு பொதுச்சமூகம் உருவாகியிருக்கவில்லை. பைதன் அப்படியில்லாமல் தொடக்கம் முதலே திறந்த மூலமாகப் பலர் கையில் வளர்ந்தது. தகுதியைவிட உடைமைதான் அங்கே தீர்மானித்தது என்பது என் கணிப்பு.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தாண்டிப் போக எனக்கு எளிய வழி தெரியவில்லை. மைக்கல் மக்ராக்கனும் சகஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு பல்கலைக்கழகங்களில் முதல் நிரலாக்கப் பாடத்தை முடித்த 216 மாணவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். சராசரி 110க்கு 22.89. ஒரு பாடம் முழுவதையும் முடித்தவர்கள் ஒரு சிறு கணிப்பானைக்கூட எழுத முடியாமல் திணறினார்கள். சிக்கல் எந்த மொழி என்பதில் இல்லை, ஒரு சிக்கலைப் பகுதிகளாகப் பிரித்து மறுபடி சேர்க்கும் திறனில்தான் இருக்கிறது என்று இதைக் காட்டிப் பலர் வாதிடுகிறார்கள். அப்படியானால் மொழியின் பிழைச்செய்தியைப் பிடித்துக்கொண்டு நான் இவ்வளவு பேசுவது வீணா? இந்த இடத்தில் எனக்கு முழு உறுதி இல்லை. மொழியை மாற்றினால் அந்த 22.89 அறுபதாகிவிடும் என்று சொல்ல என்னிடம் சான்று கிடையாது. ஆனால் பிரித்துச் சேர்க்கும் திறன் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் மறுபடி பிழைக்கே வந்து நிற்கிறேன். நிரலின் எந்தப் பகுதி தவறியது என்று குறுக்கிக் குறுக்கிப் போய்க் கண்டுபிடிக்கும்போதுதான், அது பகுதிகளால் ஆனது என்பதே கற்பவருக்கு உறைக்கிறது. தவறு எந்த வரியில் என்று சொல்லாத மொழி அந்தத் தேடலை ஊகமாக்கிவிடுகிறது. ஊகிக்கப் பழகியவர் ஒரு கமாவை இங்கே போட்டும் அங்கே எடுத்தும் பார்ப்பார், அது ஓடினால் ஏன் ஓடியதென்று கேட்கமாட்டார்.

மொழிக்கு ஒரு பங்கும் இல்லை என்பாருக்கு இன்னொரு சான்று பதிலாக இருக்கிறது. ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக்கும் சூசன்னா சீபர்ட்டும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றும் தெரியாத புதியவர்களுக்குப் பல மொழிகளின் எழுத்துமுறையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று, சொற்களைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து செய்த போலி மொழி. ஜாவாவும் பெர்லும் அந்தப் போலி மொழியைவிடக் கணிசமாக மேலான துல்லியத்தைத் தரவில்லை. பைதனும் ரூபியும் குவோரமும் தந்தன. உலகம் பெரிதாகப் பயன்படுத்துகிறது என்பதாலேயே ஒன்று கற்பவருக்கு உகந்ததாகிவிடாது என்பதற்கு இதைவிட அழுத்தமான ஆதாரம் வேண்டியதில்லை. மொழிக்குப் பங்கில்லை என்பாருக்கு எதிர்த்துருவத்தில் கணினியறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா நிற்கிறார். 1975இல் அவர், பேசிக் மொழியில் தொடங்கியவர்களை நல்ல நிரலாளராக்குவது ஏறத்தாழ முடியாத காரியம் என்ற அளவுக்குப் போனார். 2001இல் டெக்சஸ் பல்கலைக்கழகம் முதற்பாடத்தில் ஹஸ்கெல்லை எடுத்துவிட்டு ஜாவாவை வைக்கத் திட்டமிட்டபோது எதிர்த்துக் கடிதம் எழுதினார். முதற் கூற்று மிகை. பேசிக்கில் தொடங்கி நல்ல நிரலாளரானவர்கள் ஏராளம், மனித மனம் அவ்வளவு எளிதில் ஊனப்படுவதில்லை. இரண்டாவதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்று நினைக்கிறேன். முதல் மொழி மனதைக் கெடுத்துவிடும் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும் என்பதை நம்புகிறேன். பேசிக்கோடு தொடங்கி மேலே வந்தவர்களை நாம் எண்ணுகிறோம். மூன்றாவது கிழமையில் இது நமக்கானதில்லை என்று விட்டுப்போனவர்களை எண்ணுவதில்லை. நம் வீடுகளில் அப்படி விட்டுப்போகும் பெண் பிள்ளைகளிடம், அவர்களது ஆற்றல் வேறு துறையில் இருக்கிறது என்று மிக விரைவாகச் சொல்லிவிடவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

தமிழில் நிரல் எழுதுவது பற்றியும் இதே அளவுகோலோடுதான் பேசவேண்டும். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற மொழி பற்றிய கட்டுரை 2009இல் வெளிவந்தது. பைதனில் எழுதப்பட்டது, திறந்த மூலம், குழந்தைகளை நோக்கியது. அதில் எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று இருக்கிறது. நிபந்தனையை அடைப்புக்குறிக்குள் முதலில் எழுதி, அதன் பின்னால் ‘ஆனால்’ என்ற கட்டளை வரும். ஆங்கிலவழி மொழிகளில் கட்டளை முன்னால் நிற்கும். தமிழ்ப் பிள்ளை வாக்கியத்தை முடிக்கிற விதத்திலேயே நிரலும் முடிகிறது. இது வெறும் பெருமைக்கான விஷயமா என்று கேட்பாருண்டு. சயமிந்து தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மேக்கோ ஹில்லும் குழந்தைகளுக்கான ஸ்கிராட்ச் மொழியின் பயனர்களை வைத்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, தம் நாட்டு மொழியில் கட்டளைகளைக் கண்ட குழந்தைகள் அதே நாட்டில் ஆங்கிலத்தில் பயன்படுத்தியவர்களைவிட வேகமாகப் புதிய கருத்துக்களைக் கையாண்டதாகச் சொல்கிறது. ஸ்காபரோவில் பிறந்து ஆங்கிலத்தில் கனாக் காணும் பிள்ளைக்கு இதனால் பெரிய லாபம் இருக்காது. அதை ஒப்புக்கொள்ளவேண்டும், அந்தப் பிள்ளையின் மேல் தமிழ்ப்பற்றைச் சுமத்த நிரலைக் கருவியாக்கவும் கூடாது. யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ தகவல் தொழில்நுட்பத்தைத் தமிழ் மூலம் படிக்கும் மாணவரின் நிலை வேறு. இலங்கையில் சாதாரண தரப் பாடத்தில் பாஸ்கல், உயர்தரத்தில் பைதன். பாடநூல் தமிழ், ஆசிரியர் பேசுவது தமிழ், பரீட்சை எழுதுவது தமிழ். பிழை வரும்போது மட்டும் இயந்திரம் ஆங்கிலத்தில் பேசுகிறது. கட்டளைச் சொற்கள் சில டசின்தான். அவற்றை எந்த மொழிப் பிள்ளையும் படங்களைப்போல மனப்பாடம் செய்துகொள்ளும். பிழைச்செய்தி அப்படியில்லை. அது வாக்கியம், விளக்கம், தவறிய கணத்தில் வாசித்துப் பொருள்கொள்ளவேண்டியது. தமிழாக்கம் உண்மையில் தேவைப்படும் இடம் அதுவாக இருக்க, நம் உழைப்பில் பெரும்பகுதி கலைச்சொற்களைப் பற்றிய விவாதத்திலேயே செலவாகிறது.

எப்படியும் ஆங்கிலம் படித்தாகவேண்டும், எதற்கு இந்த இடைவழி என்ற மறுப்பு உடனே வரும். படித்தாகத்தான் வேண்டும். இரண்டு புதியவற்றை ஒரே கணத்தில், அதுவும் தோற்றுப்போன கணத்தில், கற்கச் சொல்வதுதான் பிரச்சினை. இதைவிட அண்மைக்கால மறுப்பு ஒன்று இருக்கிறது, அதுதான் என் உறுத்தலை அதிகமாக்குகிறது. இயந்திரமே நிரலை எழுதித்தரும்போது முதல் மொழி என்ன, பிழைச்செய்தி என்ன என்பது அது. இந்தத் திருப்பத்தின் ஒரு முக்கியமான வேர் ரொறன்ரோவிலேயே இருக்கிறது. ஜெஃப்ரி ஹின்டனும் அவரது மாணவர் இருவரும் 2012இல் படங்களை இனங்காணும் அலெக்ஸ்நெட் என்ற நரம்பு வலையமைப்பைச் செய்தது ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில். இன்று ஒரு மாணவி பிழைச்செய்தியை வாசிக்காமலேயே பிரதியெடுத்து உதவிக்கருவியிடம் ஒட்டுகிறாள், திருத்திய நிரல் திரும்பி வருகிறது, ஓடுகிறது. இதில் எனக்குக் கோபமில்லை. விளங்காத செய்தியைச் சொன்ன மொழிகள்தான் அவளை அங்கே துரத்தின. வாசிக்கத் தகுந்ததாக எழுதப்படாததை அவள் வாசிக்கவில்லை. பொறுமையாகத் தமிழிலேயே விளக்கும்படி கேட்டால் அதே கருவி விளக்கவும் செய்யும், கிளிநொச்சி மாணவருக்கு அது சிறிய உதவியன்று. ஆனால் அந்தக் கருவி எழுதித்தரும் நிரலும் தவறும். அது தவறும் விதம் பெரும்பாலும் அந்தப் பதினோராவது இடத்தின் விதம்: ஓடும், விடை தரும், விடை தவறாயிருக்கும், யாரும் சொல்லமாட்டார்கள். இந்தக் காலத்தில் நிரல் படிப்பவருக்கு எழுதும் வேகம் தேவையில்லாமல் போகலாம். இந்த விடை எப்படித் தவறாக இருக்க முடியும் என்று கேட்கும் மனம் முன்னைவிட அதிகமாகத் தேவைப்படும். அந்த மனம், தவறியதும் நிறுத்திக் காரணம் சொன்ன ஒரு மொழியோடு சில மாதங்களாவது வாழ்ந்திருந்தால் எளிதாக வரும் என்பது என் நம்பிக்கை.

பைதன் வேண்டாம் என்று சொல்ல இவ்வளவும் எழுதவில்லை. டியூரிங்கை உயிர்ப்பிக்க முடியாது. இன்று கையிலிருப்பவற்றில் பைதன்தான் ஏற்றது என்று நானும் சொல்வேன். 2021இல் வந்த 3.10 பதிப்பு முதல் அதன் பிழைச்செய்திகள் குறிப்பிடத்தக்க அளவு திருந்தியிருக்கின்றன. மூடாத அடைப்புக்குறி எங்கே திறந்தது என்று காட்டுகிறது. இல்லாத பெயரைப் பயன்படுத்தினால் இதையா சொல்ல வந்தீர்கள் என்று கிட்டிய பெயரைத் தருகிறது. தொழிலுலகின் மொழி ஒன்று கற்பவரின் தேவைக்குக் குனிந்து வந்திருப்பதைப் பார்க்க மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஒன்ராறியோ 2020இல் முதலாம் வகுப்பிலிருந்தே கணிதத்தோடு நிரலாக்கத்தையும் சேர்த்தது, 2021இல் ஒன்பதாம் வகுப்புக்கும் அதைக் கொண்டுபோனது. ஆனால் எந்த மொழி என்று கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே தேர்வு ஆசிரியரிடமும் ரியூசன் நடத்துபவரிடமும் வீட்டிலும் விழுகிறது. வேலைச்சந்தையைக் கேட்பதற்கு முன், பெற்றோர் ஒருவர் அந்தப் பத்துப் புள்ளி நிரலை அந்த மொழியில் பிள்ளையோடு எழுதி, வேண்டுமென்றே நான்கு இடத்தில் கெடுத்துப் பார்க்கலாம்: பெயரில் ஓர் எழுத்தை விடுவது, பூச்சியம் வைக்காமல் விடுவது, பதினொன்றைத் தொடுவது, எண்ணுக்குப் பதில் எழுத்தைக் கொடுப்பது. மொழி பேசாமல் இருந்த இடங்களில் யார் பேசப்போகிறார்கள் என்று வகுப்பு நடத்துபவரைக் கேட்கலாம். தமிழுக்குச் செய்யவேண்டியதும் இங்கேதான் இருக்கிறது. நிரல் நூலகங்களின் செய்திகளையெல்லாம் சேர்த்தால் பைதனின் பிழைச்செய்திகள் ஏராளம், ஆனால் தொடக்கநிலையில் திரும்பத் திரும்ப வருபவை ஒரு சிறு தொகுதிதான். ‘7ஆம் வரி: மொத்தம் என்ற மாறிக்கு இன்னும் மதிப்புக் கொடுக்கவில்லை’ என்பதுபோல, ஆசிரியர் பக்கத்தில் நின்று சொல்லும் தமிழில் அவற்றை எழுதுவதற்கு நிரலாளரும் பள்ளி ஆசிரியரும் சேர்ந்து உட்காரவேண்டும். தமிழ் இணைய மாநாட்டை 2017இல் வரவேற்ற இந்த நகரத்தில் இரு தரப்பாரும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பாடம் எடுப்பவர்களோடு அவர்களுக்குத் தொடர்பும் இருக்கிறது. அந்தத் தொகுப்பு எந்த ஒரு நிறுவனத்தின் சொத்தாகவும் ஆகாமல், எவரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த கோப்பாக முதல் நாளிலிருந்தே இருக்கவேண்டும்.